ஒரே பொருள் தரும் சொற்களா? சப்ரகமுவ தோட்ட மக்களின் விதியை எழுதிய ஆங்கிலச் சொற்கள்

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் நமது மாணவர்கள் மிகுதியும் இடர்ப்படுவது இலக்கணத்தில் அன்று. ஒரே பொருளைத் தருவன போலத் தோன்றும் சொற்களை வேறுபடுத்தி அறிவதிலேயாகும். 'ஹவுஸ்' என்றாலும் வீடு, 'ஹோம்' என்றாலும் வீடு என்றே நமது அகராதிகள் கூறுகின்றன. முன்னையது கட்டடம், பின்னையது மனிதர் கூடி வாழும் இல்லம் என்று ஆசிரியர் விளக்கிய பின்னரே வேறுபாடு புலப்படுகின்றது. 'கன்டினியுவஸ்', 'கன்டினியுவல்' என்னும் சோடியும் இத்தகையதே. இடையறாது நிகழ்வது முதலாவது. விட்டுவிட்டு ஆயினும் ஓயாமல் நிகழ்வது இரண்டாவது. இரத்தினபுரியில் பெய்யும் மழையைப் பெரும்பாலான மாதங்களில் 'கன்டினியுவல்' என்று கூறலாம். போபத் எல்ல நீர்வீழ்ச்சி விழுவதை 'கன்டினியுவஸ்' என்றே கூற வேண்டும்.

இவை பரீட்சைக்குரிய வேறுபாடுகள். தவறினால் ஒரு புள்ளி குறையும், அவ்வளவே. ஆனால் பாடநூல்களில் இடம்பெறாத வேறு சில சோடிகள் உள்ளன. அவற்றுள் ஒரு சொல்லுக்குப் பதிலாக மற்றொரு சொல் சட்டத்தில் எழுதப்பட்டதால் வாக்குரிமை இழந்தவர்கள் உண்டு. நாடு இழந்தவர்களும் உண்டு. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மக்களின் வரலாற்றை இச்சொற்களின் ஊடாகப் படிப்பது பயனுள்ளது என நாம் கருதுகின்றோம்.

முதலில் 'ரெசிடென்ஸ்', 'டொமிசைல்' என்னும் இரு சொற்களை எடுத்துக்கொள்வோம். தமிழில் இரண்டையும் 'வதிவிடம்' என்றே பலரும் எழுதிவருகின்றனர். ஆங்கிலச் சட்டத்திலோ இரண்டுக்கும் இடையே பெரும் பள்ளம் உள்ளது. ஒருவர் எங்கே வாழ்கின்றார் என்பதைக் குறிப்பது 'ரெசிடென்ஸ்'. அது கண்ணால் காணக்கூடிய உண்மை. சாட்சி வைத்து நிரூபிக்கத்தக்கது. எந்த நாட்டைத் தமது நிரந்தர நாடாக அவர் கொண்டுள்ளார் என்பதைக் குறிப்பது 'டொமிசைல்'. அங்கே வாழ்வது மாத்திரம் போதாது. என்றென்றும் அங்கேயே வாழ்வேன் என்னும் எண்ணமும் வேண்டும். ஒருவருக்கு ஒரே காலத்தில் கொழும்பிலும் காயல்பட்டினத்திலும் வதிவிடங்கள் இருக்கலாம். 'டொமிசைல்' ஒன்று மாத்திரமே இருக்க முடியும். பிறக்கும்போது தந்தை வழியாக வந்துசேரும் 'டொமிசைல்' ஒன்று. பின்னர் தாமாகத் தெரிவு செய்வது மற்றொன்று. தெரிவு செய்ததாகக் கூறுபவரே அதனை நிரூபிக்க வேண்டும். மனத்தில் உள்ள எண்ணத்தை ஏழைத் தொழிலாளி எந்தப் பத்திரத்தைக் காட்டி நிரூபிப்பார்?

இந்த வேறுபாடு இலங்கை அரசியலில் முதன்முதலாகப் பெரிதாக வெடித்தது டொனமூர் ஆணைக்குழுவின் காலத்திலேயாகும். 1928இல் வெளிவந்த அவ்வாணைக்குழுவின் அறிக்கை, வாக்குரிமைக்கு ஐந்து வருட வதிவு போதுமானது என்னும் போக்கில் பரிந்துரை செய்தது. தோட்டத் தொழிலாளர் பெருந்தொகையாக வாக்காளர் ஆகிவிடுவர் என்று சிங்கள அரசியல் தலைவர்கள் பலர் எதிர்த்தனர். இறுதியில் வதிவு என்னும் சொல் இருந்த இடத்தில் 'டொமிசைல்' வந்து அமர்ந்தது. 1931ஆம் ஆண்டுத் தேர்தலில் சர்வசன வாக்குரிமை கிடைத்தது என்று நாம் பெருமையோடு படிக்கின்றோம். தோட்டத்து மக்களைப் பொறுத்தவரை அந்தச் 'சர்வசனம்' என்னும் சொல்லுக்குள் இத்தகையதொரு வாயிற்காவலன் நின்றிருந்தான்.

சுதந்திரத்தின் பின்னர் நிலைமை மேலும் இறுகியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பிரஜைகளை இரு வகையினராகப் பிரித்தது. ஒரு வகையினர் 'டிசென்ட்' வழியாக, அதாவது வம்சாவளியாகப் பிரஜை ஆனோர். மற்றவர் 'ரெஜிஸ்ட்ரேஷன்' வழியாக, அதாவது பதிவினால் பிரஜை ஆனோர். (இந்த 'டிசென்ட்' என்னும் ஒலியை ஆங்கிலத்தில் வேறு எழுத்துக்களில் எழுதினால் 'கருத்து மாறுபாடு' என்று பொருள்படும். தமிழ் எழுத்திலோ 'நாகரிகமான' என்று பொருள்படும் சொல்லையும் இவ்வாறே எழுதிவிடுகின்றோம். மூன்றையும் வேறுபடுத்துவது மாணவர்க்கு நல்ல பயிற்சி.) இலங்கையில் பிறந்தவர் வம்சாவளிப் பிரஜை ஆவதற்கு அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் தந்தை வழிப் பாட்டனும் முப்பாட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். தாம் இலங்கையில் பிறந்தது மாத்திரம் போதாது.

சட்டத்தின் எழுத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. நாட்டில் உள்ள அனைவருக்கும் ஒரே அளவுகோல் போலவே தோன்றும். ஆயினும் இலங்கையில் பிறப்புப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது 1897இலேயே. அதற்கு முன் பிறந்த தந்தைக்கும் பாட்டனுக்கும் அத்தாட்சிப் பத்திரம் வைத்திருந்தவர்கள் எந்தச் சமூகத்திலும் சிலரே. கிராமத்தவரிடம் பெரும்பாலும் எவரும் அப்பத்திரத்தைக் கேட்கவில்லை, தோட்டத்தவரிடம் கேட்டனர். ஒரே சொல் இருவர் மீது இரு வேறு எடையுடன் விழுந்தது.

வம்சாவளி வாயில் அடைபட்டவர்களுக்காக மற்றொரு வாயிலாக 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கே 'டொமிசைல்' என்னும் சொல் பின்வாங்கி, 'ரெசிடென்ஸ்' மீண்டும் முன்வந்தது. ஆனால் அதன் முன்னே ஓர் அடைமொழி ஒட்டிக்கொண்டது: 'அன்இன்டரப்டட்', அதாவது இடையறாத வதிவு. 1946ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்னர் திருமணமானவர் 7 வருடங்களும் திருமணமாகாதவர் 10 வருடங்களும் இலங்கையில் இடையறாது வாழ்ந்திருக்க வேண்டும். ஒரு தடவையில் 12 மாதங்களுக்கு மேல் நாட்டை விட்டு நீங்கியிருந்தால் அந்த வதிவு அறுந்துவிடும். தொடக்கத்தில் நாம் கூறிய 'கன்டினியுவஸ்', 'கன்டினியுவல்' வேறுபாடு இங்கே சட்டத்தின் உருவில் நிற்பதை வாசகர்கள் காணலாம். ஊருக்குச் சென்று தாயின் ஈமக்கடன் முடித்து, நோய்வாய்ப்பட்டோ கையில் காசின்றியோ ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்ட ஒருவர், இருபது ஆண்டு இறப்பர் மரம் வெட்டியிருப்பினும் அவருடைய வதிவு இடையறாததன்று.

விண்ணப்பிக்க இரண்டு ஆண்டுகளே அவகாசம் தரப்பட்டது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் சட்டத்தைப் புறக்கணித்து, பின்னர் கடைசிக் கட்டத்தில் விண்ணப்பிக்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டது. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் சென்றன. அவற்றில் அடங்கியோர் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள். 1964 வரையில் பிரஜாவுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேரே. விண்ணப்பப் படிவத்தையும் சட்டத்தையும் ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் ஒரு தோட்டத்தில் எத்தனை பேர் இருந்திருப்பர் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. கங்காணியோ பெரிய கிளாக்கரோ சொன்னதே சட்டம்.

இச்சொற்கள் நீதிமன்றத்தில் எடைபோடப்பட்ட வழக்கு சப்ரகமுவ மண்ணிலிருந்தே எழுந்தது என்பது இன்று பலருக்குத் தெரியாது. கேகாலை மாவட்டத்தின் ருவன்வெல்லைத் தேர்தல் தொகுதி அது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இந்திய வம்சாவளியினர் சார்பில் பாராளுமன்றம் சென்ற எழுவரும் சப்ரகமுவவுக்கு வெளியே, மலைநாட்டுத் தொகுதிகளில் வென்றவர்கள். சப்ரகமுவவில் அத்தகைய பிரதிநிதி எவரும் இல்லை. ருவன்வெல்லையின் உறுப்பினர் லங்கா சமசமாஜக் கட்சியின் கலாநிதி என்.எம். பெரேரா ஆவார். ஆயினும் தோட்ட வாக்குக்கு இங்கேயும் பெறுமதி இருந்தது. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜை அல்லாத எவரும் வாக்காளர் இடாப்பில் இடம்பெற முடியாது என்று விதித்தது. அதன்படி ருவன்வெல்லை இடாப்பில் இடம் மறுக்கப்பட்டவர்களுள் ஒருவர் கோடகன் பிள்ளை.

அவர் முறையிட்டபோது, அதனை விசாரித்த மீளாய்வு உத்தியோகத்தர் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தினர் மீது மற்றச் சமூகத்தினருக்கு இல்லாத தடையைச் சுமத்தும் சட்டம் செல்லாது என்று கூறியிருந்தது. அதன்படி இச்சட்டங்கள் செல்லுபடியாகா என்பது அவருடைய முடிவு. மாவட்டமொன்றின் உத்தியோகத்தர் ஒருவர் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தை இவ்வாறு நிறுத்துப் பார்த்தது சிறிய காரியமன்று. 1951இல் உயர் நீதிமன்றம் அம்முடிவை இரத்துச் செய்தது. வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சிலுக்குச் சென்றது. 1953இல் அங்கும் கோடகன் பிள்ளை தோற்றார்.

அத்தீர்ப்பின் தர்க்கம் இரு சொற்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டிலேயே தங்கியிருந்தது எனலாம். ஒன்று 'சமூகம்', மற்றது 'பிரஜை'. சமூகத்துக்குத் தடை விதிக்க முடியாது; ஆனால் யார் பிரஜை என்று வரையறுப்பது ஒரு நாட்டின் இயல்பான அதிகாரம். இச்சட்டங்கள் உண்மையில் பிரஜாவுரிமை பற்றியவையே அன்றிச் சமூகம் பற்றியவை அல்ல என்று பிரிவிக் கவுன்சில் கூறியது. அதற்கு ஆதாரமாக இந்தியத் தமிழரின் 'மைக்ரேட்டரி' பழக்கங்களையும் அது கருத்திற்கொண்டது. 'மைக்ரன்ட்' என்றால் இடம்பெயர்ந்தவர். வந்து சேர்ந்தவர் நிலைத்துவிடவும் கூடும். 'இமிக்ரன்ட்' என்றால் குடியேற வந்தவர். 'மைக்ரேட்டரி' என்பதோ பருவந்தோறும் வந்து திரும்பும் பறவைகளுக்கு உரிய அடைமொழி. யட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் தெஹியோவிற்றவிலும் பிறந்து, அங்கேயே மணமுடித்து, அங்கேயே புதைக்கப்பட்டோர் இருந்தனர். அவர்கள் மீதும் பறவைகளுக்குரிய சொல்லே ஒட்டப்பட்டது. இத்தீர்ப்பில் நாம் கொள்ளும் குறை இதுவே.

தோட்டத்தவரை மாத்திரம் இச்சட்டங்கள் தாக்கவில்லை. 'இந்திய, பாகிஸ்தானிய வதிவோர்' என்னும் தலைப்பைக் கவனிக்க வேண்டும். இரத்தினபுரி, பலாங்கொடை, கேகாலை போன்ற நகரங்களில் கடை வைத்திருந்த, கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்து வந்த முஸ்லிம் வர்த்தகர்களும் அவர்களுடைய சிப்பந்திகளும் அதே வாயிலில் நிற்க வேண்டியிருந்தது. வருடந்தோறும் ஊர் சென்று குடும்பத்தைப் பார்த்து வருவது அவர்களின் வழக்கம். 'டொமிசைல்' பற்றிய விசாரணையில் அதுவே எதிரான சாட்சி. குடிசன மதிப்பீடு 1911இலிருந்து இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று பிரித்தது போலவே இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்றும் பிரித்தது. இங்கே 'இந்திய' என்பது 'ஒரிஜின்', அதாவது பூர்வீகத்தைக் குறிக்கின்றது, 'நெஷனாலிட்டி'யை அன்று. ஆனால் படிப்பவர் கண்ணுக்கு அவர் இந்தியாவின் பிரஜை என்றே படும். இந்தியாவோ இவர்களுள் பெரும்பாலோரைத் தன் பிரஜைகளாக ஏற்கவில்லை. இலங்கையும் ஏற்கவில்லை. ஆகவே 'ஸ்டேட்லெஸ்', நாடற்றவர் என்னும் சொல் பிறந்தது.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் அத்தகையோர் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். இவ்வொப்பந்தத்தோடு நம்மிடம் வந்த சொல் 'ரிபேட்ரியேஷன்'. 'பேட்ரியா' என்னும் இலத்தீன் சொல்லுக்குத் தாய்நாடு என்பது பொருள். ஆகவே இது தாயகத்துக்குத் திருப்பி அனுப்புதல். விரும்பத்தகாதவரை நாட்டை விட்டு வெளியேற்றுவது 'டிபோட்டேஷன்'. முன்னையதில் ஓர் அன்பு உண்டு. பின்னையதில் தண்டனை உண்டு. கஹவத்தையிலோ இறக்குவானையிலோ பிறந்து இந்தியாவை ஒருநாளும் கண்டிராத இளைஞனை மன்னார்க் கரைக்கு இரயிலேற்றி, தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலேற்றியதற்கு இவ்விரண்டில் எச்சொல் பொருந்தும் என்று கேட்டால், இரண்டும் முழுமையாகப் பொருந்தா என்பதே நமது விடை. தமிழகத்தில் அவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். நீலகிரியின் கூடலூர்ப் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலும் கன்னியாகுமரி மாவட்டத்தின் அரசு இறப்பர்த் தோட்டங்களிலும் கர்நாடகத்தின் சுள்ளியாப் பகுதி இறப்பர்த் தோட்டங்களிலும் பலருக்கு வேலை தரப்பட்டது.

கப்பல் சேவை 1984இல் நின்றது. அதற்கு முன் 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, பலாங்கொடை, இறக்குவானை, கஹவத்தைப் பகுதிகளின் தோட்டக் குடியிருப்புகள் தாக்கப்பட்டிருந்தன. 1983ஐ விவரிக்க வேண்டியதில்லை. கப்பல் இல்லாத காலத்தில் படகேறிச் சென்றவர்களுள் ஒப்பந்தப்படி இந்தியப் பிரஜாவுரிமைக்கு உரித்துடைய மலையக மக்களும் இருந்தனர். கப்பலில் சென்றவர் 'ரிபேட்ரியேட்'. படகில் சென்ற அவருடைய தம்பி 'ரெஃபியூஜி'. 2003ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைத் திருத்தத்தின் பின் தம்பிக்கு மூன்றாவது பெயரும் வந்தது: சட்டவிரோதக் குடியேறி. 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் வாழும் மலையக வம்சாவளியினரின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்குமாறு பணித்த வழக்கு இந்த மூன்று சொற்களைப் பற்றியதே.

இலங்கையிலே தங்கியவர்களின் நாடற்ற நிலை, 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்களாலும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலும் பெரும்பாலும் நீங்கியது. ஆயினும் 'வம்சாவளிப் பிரஜையா, பதிவுப் பிரஜையா' என்னும் கேள்வி தோட்டப்புறங்களில் நெடுங்காலம் ஒலித்தது. தொழிலுக்கோ காணிக்கோ விண்ணப்பிக்கும் எவரிடமேனும் இன்று அது கேட்கப்பட்டால், தெரிந்திருக்க வேண்டியது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26ஆம் உறுப்புரையாகும். எவ்வழியாகப் பிரஜை ஆனவரும் 'இலங்கைப் பிரஜை' என்றே விவரிக்கப்பட வேண்டும் என்றும், வம்சாவளி, பதிவு என்னும் வேறுபாடு எந்த நோக்கத்துக்காகவும் காட்டப்படலாகாது என்றும் அது தெளிவாகக் கூறுகின்றது. இரு சொற்களுக்கு இடையே வேறுபாடு காணக் கூடாது என்று நாட்டின் உயர்ந்த சட்டமே கட்டளையிடுவது அபூர்வம்.

பிரஜாவுரிமையின் கதை இங்கு முடிந்தாலும் சொற்களின் கதை முடியவில்லை. இன்று தோட்டங்களில் கவனிக்க வேண்டிய சோடி 'வேஜ்', 'அலவன்ஸ்' என்பனவாம். இவற்றோடு 'இன்சென்டிவ்' என்னும் மூன்றாவதும் சேர்ந்துள்ளது. சம்பளம், கொடுப்பனவு, ஊக்குவிப்பு என்று தமிழில் கூறலாம். 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. அதில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாவே. 60 ரூபா வரவுக்கும் 140 ரூபா உற்பத்திக்கும் 30 ரூபா விலைப் பங்குக்கும் உரியன. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்தும் 12 வீதமும் தொழிலாளியிடம் கழிக்கப்படும் 8 வீதமும் அந்த 500 ரூபாவின் மீதே கணிக்கப்பட்டன. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் கூறப்பட்ட 1,750 ரூபாவும் இத்தகைய கூட்டுத்தொகையே: 1,550 ரூபா சம்பளம், 200 ரூபா அரசு வழங்கும் வரவு ஊக்குவிப்பு.

200 ரூபாவின் மீது 12 வீதம் என்றால் நாளொன்றுக்கு 24 ரூபா. மாதம் 25 நாள் வேலை செய்பவருக்கு 600 ரூபா. முப்பது ஆண்டுகளில் வட்டியின்றியே 2,16,000 ரூபா. ஒரு தொகையைச் சம்பளம் என்பதா, ஊக்குவிப்பு என்பதா என்னும் கேள்வியின் விலை அதுவாகும். மாதச் சம்பளத் துண்டு பிள்ளையின் கைக்கு வரும்போது, அடியில் உள்ள மொத்தத் தொகையோடு நின்றுவிடாமல், எந்த நிரலின் மேலே 'பேசிக்' என்று எழுதப்பட்டுள்ளது, சேமலாப நிதிக் கழிவு அந்த நிரலின் எட்டு வீதமாக உள்ளதா என்று பெருக்கிப் பார்ப்பது அரை நிமிட வேலை.